கானா நாட்டாரும் நானும்

சென்ற நவம்பரில் நம் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்காக அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில், "கானா – ஓர் உரை" என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியவன் நானே, அதன் பலனை அனுபவித்தவனும் நானே. வடசென்னைக் கானாப் பாட்டைப் பற்றிய பேச்சு என்று எண்ணி, மேசையில் தாளம் போடும் உத்தேசத்துடன் நான்கு பேர் முன்வரிசையில் வந்து அமர்ந்தார்கள். டில்லிக்கு வந்து இந்தி சற்றே பழகியிருந்த முதலாண்டு மாணவர் ஒருவர், 'கானா என்றால் சாப்பாடு அல்லவா, கூட்டம் முடிந்ததும் ஏதாவது கிடைக்கும்' என்று நம்பி வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு நாடு இருக்கிறது, அதன் ஜனத்தொகையையும் பொருளாதாரத்தையும் பற்றித்தான் இன்று பேச்சு என்று நான் தொடங்கியதும் அவர்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. ஆயினும் ஒருவரும் எழுந்து போகவில்லை. வாழ்க தமிழர் பொறுமை!

கடைசி வரிசையில் அந்த நாட்டைச் சேர்ந்த என் நண்பர் உட்கார்ந்திருந்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். 'கானா' என்று நான் சொல்லும்போதெல்லாம், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பார். அன்று பேசியதைக் கட்டுரையாகத் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். தருகிறேன். ஆனால் மேடையில் நான் சொல்லாமல் விழுங்கிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

நண்பர் விடுதியில் எனக்கு அடுத்த அறைக்காரர். பொருளாதார வகுப்பில் என் பெஞ்சுக்காரர். இந்திய சர்க்காரின் உதவித்தொகையில் படிக்க வந்தவர். பிறந்தது சனிக்கிழமை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் சேர்ந்த அக்கான் இனத்தாரிடம் பிறந்த கிழமையே பெயராகும் வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராயிருந்த கோஃபி அன்னானை நினைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. 1957 மார்ச் 6-ஆம் நாள் அந்நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த குவாமே நிக்ருமாவும் அப்படித்தான். "சனியைப் பெயரிலேயே வைத்துக்கொள்வார்களா!" என்று நம் நண்பர்கள் வியந்தார்கள். "உங்கள் நாட்டில் சனிக்கிழமை யாரும் பிறப்பதில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பதில் இல்லை.

உரையின் முதல் படியை அவரிடம்தான் காட்டினேன். "கானா ஒரு ஏழை நாடு, ஜனப்பெருக்கத்தில் தத்தளிக்கும் நாடு" என்பது என் முதல் வாக்கியம். ஆப்பிரிக்கா என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும்? அவர் கோபப்படவில்லை. "உங்கள் மாநிலத்தின் பரப்பு என்ன? ஜனங்கள் எத்தனை?" என்று கேட்டுக் காகிதத்தை எடுத்தார். தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 7 கோடியே 21 லட்சம் பேர். கானா 2,38,500 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் 3 கோடியே 8 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் நம்மிடம் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர், அவர்களிடம் 129. "தத்தளிப்பது யார் என்று இப்போது எழுதுங்கள்" என்றார்.

அவருடைய வாதத்திலும் ஓட்டை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1960-இல் கானாவில் இருந்தவர்கள் 67 லட்சம் பேரே. அறுபத்தோரு ஆண்டுகளில் அது நாலரை மடங்காயிற்று. 1961-இல் 3 கோடியே 37 லட்சமாயிருந்த நாம் ஐம்பது ஆண்டுகளில் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டினோம். ஆனால் அங்கும் வேகம் குறைந்து வருகிறது. 1988-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு 2022-இல் நான்குக்குக் கீழே இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அது இரண்டுக்கும் கீழே போய், இன்று நாம் வேறு விதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கெடுப்பைப் பற்றியே ஒரு விஷயம். 2020-இல் நடக்க வேண்டிய அவர்கள் கணக்கெடுப்பு கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போயிற்று. 2021 ஜூன் 27 இரவைக் கணக்கு இரவாக வைத்து, கையில் கணினிப் பலகையுடன் வீடு வீடாகப் போய் எண்ணி முடித்தார்கள். 2021-இல் நடக்க வேண்டிய நம் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. 2027-க்கு நாள் குறித்தார்கள். "ஏழை நாடு தன் ஜனங்களை எண்ணிவிட்டது; வல்லரசு இன்னும் விரல் மடக்குகிறது" என்று நண்பர் சொன்னபோது நான் உரையின் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன். நம் பல்கலைக்கழகத்தில் 1955-லேயே ஆப்பிரிக்கவியல் துறை தொடங்கப்பட்டது என்பதும் அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருபத்திரண்டு வயது ஆகாதவர்கள். நூற்றுக்கு ஐம்பத்தாறு பேருக்கு மேல் நகரவாசிகள். தலைநகர் அக்ராவைச் சூழ்ந்த மாநிலம், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த அசாந்தியை 2021-இல் முந்திவிட்டது. வடக்கே மழை குறைவு, வறுமை அதிகம். அங்கிருந்து இளம் பெண்கள் தெற்கே வந்து சந்தைகளில் தலைச்சுமை தூக்குகிறார்கள். பள்ளிப் படிப்புக்குக் குறை வைக்கவில்லை. நிக்ருமா காலத்தில், 1961-இல், ஆரம்பக் கல்வியை இலவசமும் கட்டாயமும் ஆக்கினார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கே காமராஜர் செய்ததை நாம் அறிவோம். 2017-இல் மேல்நிலைப் பள்ளியும் இலவசமாயிற்று. அதன் முதல் அணியில் படித்தவர் நண்பர். படித்து முடித்தவர்களுக்கு வேலைதான் இல்லை. பட்டம் வாங்கிய அவருடைய அண்ணன் அக்ராவில் கைபேசிக்குப் பணம் ஏற்றும் சிறு கூண்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நண்பரைக் கல்லூரியில் படிக்க வைத்தது அவர் தந்தை அல்லர், தாய்மாமன். அக்கான் மக்களிடம் தாய்வழி உரிமை. மனிதன் தன் சொத்தைச் சகோதரியின் மகனுக்கு விட்டுப்போவான். பெற்ற பிள்ளைக்கு அன்பு உண்டு, பங்கு இல்லை. இதை அவர் மிகவும் தயங்கி, எங்கே நான் சிரித்துவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே சொன்னார். நான் சிரித்தேன்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். எங்கள் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி என்று இதே முறை இருந்ததையும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதைக் கிண்டல் செய்து ஒரு மான்மியமே பாடியதையும், திருவிதாங்கூர் அரசு 1926-இல் சட்டம் போட்டு அதை மாற்றியதையும் சொன்னேன். அவர்கள் நாட்டில் அதே மாதிரிச் சட்டம் 1985-இல் வந்தது. இறந்தவனின் மனைவி மக்களுக்குச் சொத்தில் பெரும்பங்கு என்று ஆயிற்று. சட்டம் மாறினாலும் மாமன் மாறவில்லை. நண்பர் மாமனைக் குறிக்கும் 'வோஃபா' என்ற சொல்லைச் சொல்லும்போது, எங்கள் ஊரில் 'மாமன்' என்று சொல்லும் அதே குரல்.

அந்த மாமன் ஐவரி கோஸ்ட் எல்லையை ஒட்டிய சாம்பா என்ற ஊர்க்காரர். (நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 2022-இல் அவர் பட்ட பாட்டைக் கேட்டால் பொருளாதாரப் பாடப் புத்தகம் வேண்டாம். அரசு வாங்கிய கடன் மலையாயிருந்தது. கொரோனாவும் உக்ரைன் போரும் மேலே ஏறி உட்கார்ந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு ஆறு என்றிருந்த அவர்கள் நாணயமாகிய செடி, நவம்பரில் பதினான்கைத் தாண்டியது. டிசம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. அந்த மாதமே வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை அரசு நிறுத்திவிட்டது; 2023 மே மாதத்தில் சர்வதேச நிதியம் 300 கோடி டாலர் தர இசைந்தது. மாமன் மாதந்தோறும் அனுப்பிய பணம் எண்ணிக்கையில் குறையவில்லை. அதற்குக் கிடைத்த சோறுதான் குறைந்தது. 'செடி' என்ற பெயர் சோழியைக் குறிக்கும் அக்கான் சொல்லிலிருந்து வந்தது என்று அவர் சொல்ல, நாங்கள் பல்லாங்குழிக்கு வைத்துக்கொள்ளும் சோழியா என்றேன். அவர்களுக்கும் பல்லாங்குழி உண்டாம். 'ஒவாரே' என்று பெயர், பன்னிரண்டு குழி. மாலத்தீவுச் சோழிகள் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டன. விளையாட்டுச் சாமானுக்கு இப்படியும் ஒரு சரித்திரம்.

அந்த நாட்டுக்குப் பழைய பெயர் தங்கக் கரை. இன்றும் ஆப்பிரிக்காவில் தங்கம் தோண்டுவதில் முன்வரிசை நாடு அது. அங்கிருந்து இந்தியா வாங்கும் சரக்குகளில் பெரும்பகுதி தங்கமே என்பதால், நம் வீட்டுக் கல்யாணத் தாலிகளில் சாம்பா பக்கத்து மண் எத்தனை குந்துமணி இருக்கிறதோ! அடுத்தது கொக்கோ. 1870-களில் டெட்டே குவாஷி என்பவர் கடல் கடந்து கொண்டுவந்த விதையிலிருந்து பெருகி, உலகில் முதலிடம் பிடித்து, இப்போது ஐவரி கோஸ்டுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. 2024-இல் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. விவசாயி கொழித்திருப்பான் என்று நாம் நினைப்போம். விலையைக் குறிப்பது அரசு வாரியம். அது முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றிருந்தது. அன்றியும் அந்த ஆண்டில் மரங்களில் நோய். திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் தோப்புகளை வாங்கிக் குழியாக்கியதால் ஆறெல்லாம் சேறு. 2020-21-இல் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் மூன்றே ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. விலை ஏறியபோது விற்கக் காய் இல்லை.

மாமனுக்குக் கொக்கோ கிடையாது, முந்திரித் தோப்பு. இங்கேதான் கதை என் வீட்டுக்குள் நுழைந்தது. என் அம்மா மார்த்தாண்டம் பக்கத்தில் அண்டி ஆபீசில் வேலை செய்கிறாள். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டைக்கு அண்டி என்று பெயர். நம் மரங்களின் காய் நம் ஆலைகளுக்குப் போதாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அன்றிரவே அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆப்பிரிக்கா அண்டியா? வருசத்துல பாதி நாளும் அதுதானே மக்களே எங்களுக்கு ஜோலி. அது வரல்லேன்னா ஆபீச பூட்டிப் போடுவினும்" என்றாள். பிறகு சற்று நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்க அம்மைக்கும் கையி இப்பிடித்தான் பொள்ளியிருக்குமா? கேளு" என்றாள்.

முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். என் அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை இல்லை. ரேஷன் கடை இயந்திரம் அவளை அவள் என்று ஒப்புக்கொள்ள மூன்று முறை யோசிக்கும். நண்பரிடம் அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள் ஊரில் யாருக்கும் கை வேகவில்லை. பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டுவதோடு சரி. உடைக்கும் வேலை உங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது. அந்தப் புண் வேண்டும் என்றுதான் எங்கள் இளைஞர்கள் கேட்கிறார்கள், அதற்குப் பெயர் வேலை" என்றார்.

அம்மாவின் கையை எண்ணி நான் ஆயிரம் முறை வருந்தியிருக்கிறேன். அது இல்லாததற்கு ஒருவர் வருந்துவார் என்று நினைத்ததில்லை. சாம்பாவில் ஆலை வந்தால் மார்த்தாண்டத்தில் ஆலை என்ன ஆகும் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. கேட்கத் துணியவில்லை. அவரும் அதை நினைத்திருப்பார்; அவரும் கேட்கவில்லை. அந்தப் பருப்பு பிறகு டில்லிக்கு வந்து, தீபாவளிக்குக் காஜு கத்லியாகி, வெள்ளித் தாள் போர்த்திக்கொண்டு கடைகளில் உட்கார்ந்திருப்பதை நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம்.

இவ்வளவும் உரையில் சொன்னேன். இனிச் சொல்லாதது.

அந்த ஜூலையில் விடுதியில் எங்கள் காலம் முடிந்தது. இருவரும் சேர்ந்து ஓர் அறை பிடிப்பதென்று முடிவு. வளாகத்தை அடுத்த குடியிருப்புகளில் இரண்டு வாரம் அலைந்தோம். தரகர்கள் என்னுடன் தொலைபேசியில் பேசும்போது அறை இருக்கும். இருவரும் நேரில் போய் நின்றால் அப்போதுதான் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் ஒளிக்காமல் பேசினார். பெரியவர், பண்பாகத் தேநீர் கொடுத்தார். "மதராசிகள் நல்லவர்கள் தம்பி, படிப்பார்கள், சத்தம் போட மாட்டார்கள். உனக்குத் தருகிறேன். அவனுக்குத் தர முடியாது. அக்கம்பக்கத்தில் பேசுவார்கள்" என்றார். நண்பருக்கு இந்தி தெரியாது என்று அவர் எண்ணினார். ஓராண்டு டில்லியில் இருந்தவருக்கு அந்த அளவு இந்தி தெரியாமலா இருக்கும்?

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். வெயில் நூற்றுப் பத்து டிகிரி, விடுதியைக் காலி செய்ய மூன்று நாள் பாக்கி, வாடகையும் குறைவு. முன்பணம் கொடுத்துவிட்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மூன்று மாடி ஏற்றிக் கொடுத்தார். பிறகு கீழே இறங்கிப் போனார். பெரியவர் கதவருகே நின்று அவர் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கடைசியில் சத்தர்பூரில் இடம் கிடைத்தது. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நெரிசலிலும் அவர் பக்கத்து இருக்கை சில சமயம் காலியாகவே வருமாம். "வசதிதான், பையை வைக்கலாம்" என்பார்.

அவருக்கு முன்னால் வந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது ஒன்றுமில்லை எனலாம். 2014 ஜனவரியில் கிர்க்கி விரிவுப் பகுதியில் நள்ளிரவில் ஒரு கூட்டம் ஆப்பிரிக்கப் பெண்களைச் சூழ்ந்துகொண்டது. 2016 மே மாதம் தென் டில்லியில் ஆட்டோ பிடிக்கும் தகராறில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில், மனிதரைத் தின்பவர்கள் என்ற வதந்தியை நம்பி, நைஜீரிய மாணவர்களைத் தாக்கினார்கள். இவை அக்ராவில் படிக்கப்படாமல் இல்லை. 2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் திறந்துவைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க காலத்தில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தி அவர் எழுதியதே காரணம். காந்தியின் வழியைக் கற்றுத்தான் நிக்ருமா 1950-இல் வேலைநிறுத்தப் போராட்டம் நடத்தினார் என்று நான் வாதாடினேன். "உண்மைதான். சிலையை எடுத்தபோது நான் பள்ளிப் பையன், கைதட்டவில்லை. டில்லிக்கு வந்தபிறகு, எடுத்தவர்கள்மேல் கோபமும் வரவில்லை" என்றார் நண்பர்.

இத்தனைக்கும் நான் யார்? 'மதராசி' என்று ஒரே சொல்லில் அடைபட்டு, இட்லி தவிர வேறு தெரியாதவன் என்று கேலி செய்யப்படும்போது, மொழியுரிமை பேசி மேசையைத் தட்டுகிறவன். அந்தச் சொல்லே எனக்கு அறைச் சாவியாக வந்தபோது வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

கூட்டத்தில் உரை முடிந்ததும் நண்பரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். "என் நாட்டின் பெயரை இருபத்தேழு முறை சொன்னீர்கள், எண்ணினேன். நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினோம். சாப்பாட்டை நம்பி வந்த முதலாண்டு மாணவர்தான் அவரை உணவகத்துக்கு அழைத்துப்போய்த் தேநீரும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஊரிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் வந்தவர் ஒருவரிடம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். அரைக் கிலோ வறுத்த முந்திரி. "அந்தப் பிள்ளைக்குக் குடு, அவனுக்க ஊரு அண்டிதான்" என்று சொல்லியிருந்தாளாம். முழுப் பருப்பு ஏற்றுமதிக்குப் போய்விடும், இது உடைசல். எடுத்துக்கொண்டு சத்தர்பூர் போனேன். நான்கு பேர் தங்கும் அறை, சன்னல் இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டு வெகு நேரம் மென்றார். மாமன் தோப்பில் வளர்ந்தவர், வறுத்த பருப்பைச் சிறுவயதில் சாப்பிட்டது இரண்டு மூன்று முறைதானாம். எல்லாம் பச்சையாகவே மூட்டையில் போய்விடும்.

ஜூலை விஷயத்தை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் ஆங்கிலத்தில் மிக எளிதாக வருவதால் அதை நான் நம்புவதில்லை, ஆகையால், "அறையைக் காலி செய்துவிடவா? இருவரும் வேறு இடம் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

அவர் பொட்டலத்தை மடித்து மேலே வைத்தார். "உங்கள் ஒப்பந்தம் எத்தனை மாதம்?"

"பதினொன்று. ஜூன் கடைசி வரை."

விரல் விட்டு எண்ணினார். "நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இப்போது விட்டால் முன்பணம் போய்விடும். அது உங்கள் அம்மா உடைத்தது. மே மாதமே தேடத் தொடங்குவோம். இந்த முறை தரகரிடம் முதலில் நான் பேசுகிறேன்" என்றார்.